கச்சிவாசி சொன்ன குறைகள்

சின்ன காஞ்சிபுரம்
10.6.2008

சௌபாக்கியவதி லக்ஷணாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் பெருமாள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை கமலும் அந்த மெல்போர்ன் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். அப்பா கோயிலுக்குக் கிளம்பிய பிறகு நீ கூப்பிடுகிறாய். அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் வைத்துவிடுகிறேன். அந்த அவசரத்தில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை இது. ஈமெயில் அனுப்பலாமென்றால் வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஆமாம், அவரேதான். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் சித்தப்பா பிள்ளை ஸ்ரீகர் தை மாதம் பெங்களூரிலிருந்து வந்தபோது, தான் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரையும் ஒரு டிஜிட்டல் கேமராவையும் இங்கே இறக்கிவிட்டுப் போனான். ஹெட்மாஸ்டராக ரிடையரான மனிதர் வீட்டில் சும்மா இருந்தால் கூட இருப்பவர்களுக்குத்தான் தினமும் பரீட்சை என்பது உனக்குத் தெரியும். ரசத்தில் புளி ஏன் முந்துகிறது, பேப்பர்காரன் ஏன் பிந்துகிறான் என்று கேட்டுக் கேட்டு என்னை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். கேமரா வந்தது, எனக்கு விடுதலை கிடைத்தது. பெருமாள் மாடவீதிக்கு எழுந்தருளினால் இவரும் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கேமராவோடு ஓடுகிறார். நம் தெருவிலிருந்து வெளிதேசம் போன பிள்ளைகள் பார்ப்பதற்காக ஸ்ரீகர் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறான். புறப்பாட்டுப் படங்களை அன்றைக்கே அதில் போட வேண்டியது அப்பாவின் உத்தியோகம்.

படங்களை ஒவ்வொன்றாக ஏற்றினால் விடிந்துவிடும் என்று ஸ்ரீகர் எதையோ கம்ப்யூட்டரில் சேர்த்தான். ப்ளக்-இன் என்றான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் ப்ளக் என்றால் கையால் பிடித்துச் சொருகுவது. இது கண்ணுக்குத் தெரியாமல் போட்டோ சாஃப்ட்வேருக்குள் சொருகிக்கொண்டு, படங்களை மொத்தமாக வெப்சைட்டுக்கு அனுப்பிவிடுமாம். அது வேலை செய்யும்போது திரையின் மூலையில் தங்க நிறத்தில் ஒரு பல்லி ஓடியது, அதன் பேரும் பல்லிதானாம்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எந்த வெள்ளைக்காரன் தன் சாஃப்ட்வேருக்குப் பல்லி என்று பேர் வைத்துத் தங்க வர்ணம் பூசுவான்? நம் கோயில் விதானத்தில் இருக்கும் தங்கப் பல்லியைத் தொட எத்தனையோ தரம் உன்னைத் தூக்கிப் பிடித்தவருக்கும் தெரியாமல் இருக்குமா. யார் செய்தது இது என்று ஸ்ரீகரைக் கேட்டார். அந்த அசடு, லக்ஷணா அக்காதான் பெரியப்பா, ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் உலகத்துக்கெல்லாம் இலவசமாகச் செய்து கொடுக்கிறாள் என்று பளிச்சென்று சொல்லிவிட்டான். இதை எடுத்துவிடு, வேறு போடு என்று சொல்லிவிடுவாரோ என்று அடுக்களை வாசலிலேயே நின்றேன். அவர் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து நடப்பதுதான் வேடிக்கை. நீ அப்டேட் என்று ஒன்று அனுப்புகிறாயே, மற்றவர்கள் சரி என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்களாம். உன் அப்பா, அதில் என்னென்ன திருத்தியிருக்கிறாய் என்று நீ எழுதும் குறிப்பை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறார். பெரிய படங்களை ஏற்றும்போது நடுவில் நின்றுவிடும் பிழை சரிசெய்யப்பட்டது என்று இருந்தால், சரி, வேலை செய்யும் அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது. நீ ஆபீஸ் மாறின சமயம் கொஞ்ச நாள் அப்டேட் வரவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, எல்லோரும் சௌக்கியம்தானே என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் என்றால் யார் என்று நானும் கேட்கவில்லை. சௌக்கியம்தான், வேலை ஜாஸ்தி என்றேன். மோரை விட்டுக்கொண்டார்.

இப்போது நடந்ததைக் கேள். வைகாசி உத்ஸவத்தில் நாளுக்கு ஒரு படமாக நல்லதைப் பொறுக்கி, அந்தந்த நாளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தார். கருட சேவைக் கூட்டத்தில் மூக்குக்கண்ணாடியின் ஒரு காது முறிந்தது. அதற்கு நூல் கட்டிக்கொண்டு மறுநாளும் போனார். எல்லாம் முடிந்ததும் மொத்தத்தையும் ஒரே ஆல்பத்தில் ஏற்றினார். திறந்து பார்த்தால் கடைசி நாள் படம் ஒன்றுதான் இருந்தது. கருடன், ஹனுமான், யானை, குதிரை, தேர் ஒன்றையும் காணோம்.

ஸ்ரீகர் போனில் துருவித் துருவிக் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தான். உன் அப்பா அத்தனை படத்துக்கும் பெருமாள் என்றே பேர் வைத்திருக்கிறார். உன் பல்லி, ஒரே பேரில் அடுத்த படம் வந்தால் முன்னால் வந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துவிடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுங்கள் பெரியப்பா என்றான் ஸ்ரீகர். பெருமாளுக்கு நம்பர் போடுவதா, அவர் என்ன ஜெயிலிலா இருக்கிறார் என்று இவர் போனை வைத்துவிட்டார். வாகனத்தின் பேரையாவது வையுங்களேன், கருடன், யானை என்று, என்றேன் நான். நான் என்ன வாகனத்தையா படம் எடுத்தேன் என்று என் மேல் பாய்ந்தார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் காலை உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடித்தார். குறைகளைச் சொல்ல நீ ஒரு பக்கம் வைத்திருக்கிறாயே, அதில் கச்சிவாசி என்று ஒருவர் மதிப்புக்குரிய ஐயா என்று ஆரம்பித்து இங்கிலீஷில் புகார் எழுதியிருப்பார். நீயும் மதிப்புக்குரிய பயனருக்கு என்று பதில் போட்டிருந்தாய், ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு பேர் கொடுக்கும்படி. அந்த இரண்டு வரியை அவர் எத்தனை தரம் படித்தார் என்று நான் எண்ணவில்லை. மத்தியானம் என்னிடம் வந்து, அந்த சாஃப்ட்வேர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்களாக இருக்கிறார்கள் என்றார்.

லக்ஷணா, அந்தக் கச்சிவாசி உன் அப்பா. நீ செய்தது என்று தெரிந்தே உன்னை ஐயா என்று எழுதுகிறார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் உனக்குச் சொன்ன முதல் வார்த்தை ஒரு புகார்தான். பரவாயில்லை, வார்த்தை வந்ததே. நீ அவரைக் கண்டுகொண்டதாகக் காட்டாதே. யாரோ ஒருவருக்கு எழுதுகிற மாதிரியே பதில் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிருக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் இருக்காதே.

எப்போதும் உங்கள் நினைவாக இருக்கும்
அம்மா வத்ஸலா


சின்ன காஞ்சிபுரம்
2.11.2008

என் செல்லம் லக்ஷணாவுக்கு, அம்மா மனம் நிறைந்து எழுதுவது. நீ இரண்டு உயிராக இருக்கிறாய் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பங்குனிக் கடைசி என்றாய். வாந்தி நின்றதா, சாதம் வாசனை இன்னும் குமட்டுகிறதா, எழுது.

முதலில் உன் கோபத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேச வேண்டுமென்றால் வீட்டில் போன் இருக்கிறது, பொய்ப் பேரில் எதற்கு ஒளிந்துகொண்டு வருகிறார் என்று கேட்டாய். கேட்டது நியாயம். உன் கல்யாணத்தன்று ரெஜிஸ்தர் ஆபீஸுக்கு நான் ஒருத்தி பிள்ளையார்பாளையத்தில் வாங்கின புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். சம்பந்தி யேசுதாஸும் ரேணுகாம்பாளும் எனக்கு முதல் நாற்காலியைப் போட்டார்கள். உன் அப்பா வீட்டுப் படி இறங்கவில்லை. காலனிக்காரர்கள், அதிலும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அன்று அவர் பேசினதை நான் மறக்கவில்லை, உன்னை மறக்கச் சொல்லவும் மாட்டேன். அவர் செய்தது தப்பு. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். நாள் கணக்கில் வாய் திறக்காமலும் இருந்து பார்த்தேன். அதற்கு மேல் ஒரு மனிதரை அடிக்கவா முடியும்?

ஆனால் ஒன்று. அவ்வளவு கோபத்திலும் அவர் சொன்ன குறையை நீ சரி பண்ணினாய். ஒரே பேரில் எத்தனை படம் வந்தாலும் இனி எதுவும் அழியாது, சுட்டிக்காட்டிய காஞ்சிபுரம் நண்பருக்கு நன்றி என்று அப்டேட்டில் எழுதியிருந்தாய். அதை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பிறகு வைகாசிப் படங்களைத் திரும்ப ஏற்றினார். எல்லாப் பெருமாளும் வரிசையாக வந்து நின்றார்கள். நான் அங்கேயே கையைக் கூப்பினேன். உனக்கா பெருமாளுக்கா என்று இவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இருவருக்கும் என்று சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவருக்குக் குறை கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது. நெடுக்காக எடுத்த படங்களைச் சின்னதாகக் காட்டும்போது பல்லி மேல்பக்கத்தை வெட்டிவிடுகிறதாம், பெருமாளுக்குக் குடை இல்லாமல் போகிறதாம். குடை இல்லாமல் பெருமாள் வெளியே வருவது இந்த ஊரில் வழக்கமில்லை என்று உனக்கு எழுதினாரே, நீ அதையும் சரி பண்ணினாய். பிறகு உன் குறிப்பில் ஒரு கமா இடம் மாறியிருக்கிறது என்று எழுதினார். பரீட்சைப் பேப்பர் திருத்திய கை, எப்படி அடங்கும்? ஸ்ரீகர், பக் என்றால் பூச்சி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பல்லிக்குப் பூச்சி பிடித்துக் கொடுப்பதற்கென்றே ஒரு ஹெட்மாஸ்டர் என்று நான் சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்தது, மீசை இல்லாததால் மறைக்க முடியவில்லை.

இங்கே கரண்ட் போகிற போக்கைப் பற்றிக் கமலுக்கு அவர் அப்பா சொல்லியிருப்பார். ஒரு நாளில் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. படம் பாதி ஏறும்போது போய்விட்டால் பல்லி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் நல்ல மழை. பட்டப்பகலில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் படீரென்று போனது. மின்சார ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே நின்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறாய், நம் சம்பந்தி யேசுதாஸ். லைன் இன்ஸ்பெக்டராகி இந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார்களாம். அப்பா ஜன்னலோரம் நின்று வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், அந்த மனுஷர் நனைகிறாரே, காபி வேண்டுமா என்று கேள் என்றார். எனக்குக் கேட்டது நிஜமா என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். யேசுதாஸ் ரொம்ப மரியாதையாக, பரவாயில்லம்மா, ஐயா வாய் தொறந்து கூப்ட்டா ஒரு நாளு உள்ள வந்து உக்காந்தே குடிக்கிறேன், இப்ப லைனு குடுக்கணும், ஜனம் காத்துக்கினு இருக்குது என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்று வாங்கிக் குடிக்கிற காபி அவருக்கு வேண்டாம். அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது.

அதை அப்பாவிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு ஒருவர் சொன்னதைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் கிடையாது. கரண்ட் வந்தது, ஃபேன் சுழன்றது, கம்ப்யூட்டரும் உயிர் பிடித்தது. இவர் அதன் பக்கம் போகாமல் ஜன்னலிலேயே நின்றார். அன்று படம் ஏற்றவில்லை.

உன் விஷயத்தை அடுத்த நாள்தான் சொன்னேன். நம் லக்ஷணா முழுகாமல் இருக்கிறாள் என்றேன். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறாளாமா என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து உன்னைக் குறித்து ஒரு சொல் வந்தது அன்றுதான். போகிறாள் என்றேன். நான் எழுந்து அடுக்களைக்குப் போய் மிளகாய் அரிகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன்.

இதற்குப் பிறகு கச்சிவாசி எழுதியதை எடுத்துப் பார். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்ய வேண்டும் என்று கேட்டிருப்பார். அதற்குக் கீழே, இதற்கு அவசரம் ஒன்றும் இல்லை, வசதிப்படும்போது செய்தால் போதும், உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சேர்த்திருப்பார். எந்த ஊரில் ஒருவன் சாஃப்ட்வேர்க்காரனுக்கு இப்படி எழுதுவான், நீயே சொல்.

ஒளிந்துகொண்டு வருகிறார் என்கிறாய். ஆமாம், நேரே வரத் தைரியம் இல்லை அவருக்கு. ஆனால் வந்துகொண்டிருக்கிறார். கதவை முழுக்கத் திறக்கச் சொல்லவில்லை நான், தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிடாதே.

கீழே உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள். படிக்கட்டில் நிதானம்.

உன் உடம்பையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா


சின்ன காஞ்சிபுரம்
8.3.2009

லக்ஷணா கண்ணுக்கு, அம்மாவின் ஆயிரம் ஆசீர்வாதம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, உன் மாமியார் கையில் வருகிறது. அவள் வந்து சேர்ந்ததும் பயணக் களைப்பைக்கூடப் பார்க்காமல் உனக்குச் சமைக்க ஆரம்பித்துவிடுவாள், எனக்குத் தெரியும். விடாதே, இரண்டு நாள் தூங்கச் சொல்.

ரேணுகாம்பாளிடம் கொடுத்த மூட்டையில் பிரசவ லேகியம், வசம்பு, பழைய வேஷ்டியைக் கிழித்துத் துவைத்த துணிகள், பருப்புப்பொடி எல்லாம் இருக்கின்றன. நான் ஓரிக்கைக்கே போய் அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள். கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, விமானத்தில் எத்தனை எடை விடுவார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் என்ன சொல்கிறாராம் என்று கேட்டார். பொண்ணு நல்லா கீதுங்க, புள்ள தல இன்னும் திரும்பலயாம், அதுக்கு இன்னா இப்போ, நாளு கீதுல்ல என்று அவள் சொல்ல, இவர் தலையை ஆட்டிக்கொண்டார். காபி நான் கொடுத்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தாள். பெரிய விஷயமா என்று மாப்பிள்ளை கேட்பார். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இந்த வீட்டுக் கூடத்தில் அது பெரிய விஷயம்.

நீயோ நானோ எதிர்பார்க்காதது இனிமேல்தான். உன் பல்லியை நிறுத்தப்போவதாக மாசிப் பிறப்பன்று ஒரு அறிவிப்புப் போட்டாயே. உடம்பு முடியவில்லை, குழந்தை வரப்போகிறது, இந்த வெர்ஷனே நான் செய்யும் கடைசி, இனி போலந்திலிருந்து ஒருவர் எடுத்து நடத்துவார், குறைகளை அவருக்கு எழுதுங்கள் என்று. உன்னை ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். ஊரார் படத்துக்கெல்லாம் ராத்திரி பகலாக இலவசமாக உழைத்தது போதும், வயிற்றைத் தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காராதே என்று நானே சொல்லியிருப்பேன். மற்றவர்களுக்குப் போலந்துக்காரன் போதும். உன் அப்பாவுக்குப் போதாது.

அவர் அதைப் படித்தார். கம்ப்யூட்டரை மூடினார். அந்த வாரம் புறப்பாடு இருந்தது, நாதஸ்வரம் தெரு முனையில் கேட்டது. இவர் கேமராவைத் தொடவில்லை. வாசலில் நின்று சேவித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். படம் எங்கே என்று துபாயிலிருந்து யாரோ கேட்டார்கள், கண்ணில் நீர் வடிகிறது என்று பதில் போட்டார். கண்ணில் ஒன்றும் இல்லை, டாக்டரிடமே காட்டிவிட்டேன்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பெண்ணைக் கூப்பிடாமல் இருந்துவிட்டு, ஒரு சாஃப்ட்வேர் நிற்கப்போகிறது என்றால் துக்கம் கொண்டாடுவதா? நேரே கேட்டேன். நம்பர் என் தலைமாட்டில்தான் எழுதி ஒட்டியிருக்கிறது, சுழற்றுங்கள் என்றேன். அவள் எடுத்து, யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். யார் பேசுவது என்று கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு பேர் இல்லை, லக்ஷணா. இருந்த பேரை அவரே விட்டுவிட்டார்.

போன புதன்கிழமை காலை தளிகை ஆகிச் சாப்பிடக் கூப்பிட வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை விரலால் அடிக்கிறார், அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். சாதம் ஆறியது. ஒரு வழியாக அனுப்பிவிட்டு எழுந்து கோயிலுக்குப் போனார். நான் போய்ப் பார்த்தேன். போலந்துக்காரனுக்கு அல்ல, பழைய பக்கத்தில், உனக்கே எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

கடைசி வெர்ஷனைச் சோதித்துப் பார்த்தேன், குறை ஒன்றும் தென்படவில்லை. இதுவரை சொன்ன குறைகள் எல்லாவற்றையும் பொறுமையாகத் திருத்திக் கொடுத்ததற்கு நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சாதனம் இங்கிருந்து படங்களை அனுப்புவதற்கு உதவுகிறது. தூரத்தில் இருக்கும் ஒருவர் ஒரு படம் அனுப்பினால் அதை இந்த முனையில் இருக்கும் ஒரு வயசானவர் பார்ப்பதற்கு வழி உண்டா? இதுவரை கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. இப்போதும் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இவ்வளவுதான். கீழே வழக்கம்போல் கச்சிவாசி என்றுதான் போட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார். பதில் இல்லை. நிறுத்திவிட்டோமே என்று நீ அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டாய், அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள், அது அவள் இஷ்டம், அதற்கு அவளுக்குப் பாத்தியதை உண்டு என்கிறார். நேற்று ஸ்ரீகரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடு, யாராவது படிக்கிற பிள்ளைக்குக் கொடு என்று சொல்லிவிட்டார். அவன் யுகாதி லீவுக்கு வருகிறானாம். அதற்குள் உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதை ஓரிக்கைக்கு எடுத்துப் போய் ரேணுகாம்பாள் கையில் திணிக்கப்போகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே ஏதாவது பதில் சொல்வாய், கோபத்தில் சொல்வாய். இது நீ தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு நான் வரவில்லையே என்று உனக்கு மனத்தாங்கல் உண்டு. விசா, டிக்கெட் எல்லாம் சாக்கு. நான் மட்டும் வந்தால் உன் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர் என்று கோடு போட்டுப் பிரித்தாற்போல் ஆகிவிடும். அவரையும் கூட்டிக்கொண்டு ஒரே விமானத்தில் வர வேண்டும் என்பது என் பேராசை. பெருமாளிடம் வேறொன்றும் நான் கேட்பதில்லை.

அவரை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அது உன்னிடமும், யேசுதாஸ் வீட்டாரிடமும் அவரே நேரில் வந்து கேட்க வேண்டியது, நான் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க முடியாது. அவர் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் போடு, அவ்வளவுதான் கேட்கிறேன். வழி இல்லை என்று பட்டால் இல்லை என்றே போடு, அவர் தாங்கிக்கொள்வார். பதிலே வராமல் போவதைத்தான் தாங்கமாட்டார்.

ஆனால் மதிப்புக்குரிய பயனருக்கு என்று இந்தத் தரம் ஆரம்பிக்காதே. தெரியாத மாதிரியே எழுது என்று சொன்னவளும் நான்தான். அதன் காலம் முடிந்துவிட்டது, கண்ணே.

உன் வயிற்றில் இருப்பது தலை திரும்பி, சுகமாக, அழுதுகொண்டு வெளியே வரட்டும். நீ ஒரு நோவும் இல்லாமல் எழுந்து நடமாடு. அவருக்கு நீ எழுதுவது இரண்டு வரியாக இருந்தால் போதும். முதல் வரி அப்பா என்று மட்டும் இருக்கட்டும். இரண்டாவது வரியில் நீ என்ன எழுதினாலும் சரி.

உன் பதிலுக்காக அவரோடு சேர்ந்து காலையில் எழுந்து காத்திருக்கும்
அம்மா